மதியத்தில் ஏறும் சத்தம்

…இல்லை, இது பக்கத்து வீட்டு மிக்ஸி, இதோ நின்றுவிட்டது, இதைக் கணக்கில் சேர்க்கக் கூடாது, கொஞ்சம் பொறு, காதை அவசரப்படுத்தாதே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு தம்பியின் அறையில், சுவரில் முதுகைச் சாய்த்து, தரையில் உட்கார்ந்திருக்கிறேன். சொந்த வீட்டுச் சுவரையே ஒட்டுக்கேட்கிற நிலைமை வரும் என்று யார் நினைத்தது. சுவருக்கு அந்தப் பக்கம் நடை, நடையில் சோலார் இன்வெர்ட்டர், மாடியில் காய்கிற வெயிலை வீட்டுக்கு ஆகிற கரண்டாக மாற்றித் தருகிற சாம்பல் நிறப் பெட்டி, அதை மூடி என் கணவர் செய்துவைத்த பிளைவுட் அலமாரி, அலமாரிக்கு ஒரு கதவு. சுவருக்கு இந்தப் பக்கம் தம்பியின் கட்டில். ஜன்னல் பக்கம் திரும்பிப் படுத்திருக்கிறான், தலைக்கு மேல் தலையணை, தலையணைக்கு மேல் கை. ரெண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை, பேசவில்லை, பேசினதெல்லாம் ஒரே பேச்சு, அக்கா, அந்தப் பெட்டி மதியம் ஆனா ஏறுதுக்கா, ஏறிக்கிட்டே போகுது, மண்டைக்குள்ள வந்து நிக்குது. இதை நான் அவரிடம் சொன்னபோது அவர் கையிலிருந்த டம்ளரை மெதுவாகக் கீழே வைத்தார். அந்த மெதுவிலேயே அவர் என்ன நினைக்கிறார் என்று எனக்குப் புரிந்துவிட்டது. ஏனென்றால் போன தடவையும் இப்படித்தான்… ஃப்ரிட்ஜில்தான் ஆரம்பித்தது. ஃப்ரிட்ஜ் என் பேரைச் சொல்லிக் கூப்பிடுதுக்கா என்றான், நாங்கள் சிரித்தோம், பள்ளிக்கூடத்தில் புவியியல் நடத்துகிறவன், வகுப்பையே சிரிக்கவைக்கிறவன், ஏதோ ஜோக் அடிக்கிறான் என்று நினைத்தோம். அப்புறம் ஒரு நாள் அவன் ஃப்ரிட்ஜுக்குப் பதில் சொல்ல ஆரம்பித்தான்.

நாலு மணிக்கு டாக்டர். மூன்று மணிக்குள் வந்து கூட்டிக்கொண்டு போகிறேன் என்று சொல்லிவிட்டு அவர் வேலைக்குப் போயிருக்கிறார், டாக்டர் சேர்க்கணும்னு சொன்னா சேர்த்துடலாம், போன தடவை மாதிரி நாளைக்கு நாளைக்குன்னு தள்ள வேண்டாம் என்று காலையில் செருப்பு மாட்டிக்கொண்டே சொன்னார், என் முகத்தைப் பார்க்காமல். அவரைக் கல்நெஞ்சக்காரர் என்று சொல்ல எனக்கு நாக்கு வராது. போன தடவை தம்பி வீட்டை விட்டு இறங்கி நடந்தபோது, செருப்புக்கூடப் போடாமல் பின்னாலேயே ஓடினது அவர்தான், பஸ்களுக்கு நடுவில் புகுந்து அவனை இழுத்து வந்தது அவர்தான், ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்தபடியே தூங்கினதும் அவர்தான், நானா ஓடினேன், நான் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அதனால் அவர் பயத்துக்கு ஒரு மரியாதை உண்டு. ஆனால் அவன் திரும்பி வந்த கோலம் எனக்கு மறக்குமா? ஆஸ்பத்திரியில் கொடுத்த மருந்தில் நாக்கு தடித்துப்போய், டம்ளரைப் பிடித்தால் கை நடுங்கி, உலகப் படத்தில் எந்த ஆறு எங்கே பிறக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொன்னவன் தன் சட்டைப் பட்டனைத் தேடினான். அதிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக ஏறி வந்தவன். இப்போதுதான் ரெண்டு பிள்ளைகளுக்கு வீட்டில் பாடம் சொல்லிக்கொடுக்கிற அளவுக்கு. அவனை மறுபடி அந்தக் குழியில் நாங்களே கொண்டுபோய்… வேண்டாம், நினைக்காதே, கேள். காதை வை.

ஒன்றும் இல்லை. இருக்கிறதா? ஏதோ இருக்கிற மாதிரிதான்… சுவருக்குள் ஒரு வண்டு. வண்டா, என் ரத்தமா? இவ்வளவு கவனமாகக் கேட்டால் கல்கூடப் பாடும். அவரும்தான் கேட்டுப் பார்த்தார், ஒரு நாள் இல்லை, பல நாள், வேலை விட்டு வந்ததும் நேரே நடைக்குப் போய் அலமாரிக் கதவில் காதை வைத்து, ஒண்ணுமே இல்லையே மாப்ளே, பூனை தூங்கற மாதிரில்ல தூங்குது என்று தம்பியைப் பார்த்துச் சொன்னார். தம்பி அவரைப் பார்த்த பார்வை எனக்குத்தான் தெரியும். அட, அவர் வருகிற நேரத்தில் வெயில் ஏது? வெயில் இல்லாத நேரத்தில் அதற்கு வேலை ஏது? இது ஏன் எங்கள் ரெண்டு பேருக்கும் இத்தனை நாள் உறைக்கவில்லை? நானும் விடிந்தால் வேலைக்குப் போகிறவள். போன ஞாயிறு பூரா மழை, அதற்கு முந்தின ஞாயிறு ஒரு கல்யாணம். நடு மதியத்தில் இந்தச் சுவரோடு தனியாக இருப்பது இவன் ஒருத்தன்தான். இன்றைக்கு டாக்டருக்காக லீவு போட்டிருக்காவிட்டால் நானும் இங்கே உட்கார்ந்திருக்க மாட்டேன். அவருக்கு அந்தப் பெட்டி ஒரு பிள்ளை. வீட்டுக்கு யார் வந்தாலும் போனை நீட்டி அன்றைக்கு அது எவ்வளவு கரண்டு செய்தது என்று காட்டுவார், பேரன் போட்டோ காட்டுகிற மாதிரி, வந்தவர்களும் பாவம், நல்லா இருக்குங்க, நல்லா இருக்குங்க என்பார்கள். திரையில் ஒரு கோடு, காலையில் சின்னதாக ஏறி, மதியம் உச்சிக்குப் போய், சாயங்காலம் இறங்குகிற ஒரு மலை. கொஞ்ச நாளாக அந்த மலைக்கு உச்சியைக் காணோம், கத்தியால் சீவிவிட்ட மாதிரி தட்டையாக இருந்தது. பேனல்ல தூசி, கழுவணும் என்று புலம்பிக்கொண்டிருந்தார். சத்தத்தைப் பற்றித் தம்பி முதலில் சொன்னபோது அவர் கோபப்படவில்லை, அதையும் சொல்ல வேண்டும், நம்ப மாட்டேன் என்றும் சொல்லவில்லை, ஒரு வாரம் சாயங்காலங்களில் உட்கார்ந்து, அறுத்து, ஆணி அடித்து, உள்ளே ஸ்பாஞ்ச் ஒட்டி, அந்த அலமாரியைத் தன் கையாலேயே செய்தார், தம்பிக்காக. மூடிட்டேன் மாப்ளே, இனிமே நிம்மதியா இரு என்றார். அதற்கு அப்புறம்தான் தம்பி, இன்னும் அதிகமாயிடுச்சு மாமா என்றான். அன்றைக்கு நானும் அவன் பேச்சைச் சொன்னபோதுதான் அவர் டம்ளரை மெதுவாகக் கீழே வைத்தது.

இன்வெர்ட்டர் மாட்டின கம்பெனிக்குக் காலையில் போன் செய்தேன். எடுத்தவருக்குக் குரலே பாதி கொட்டாவி. "மேடம், அது சாதாரண சத்தம்தான் மேடம், எல்லா மெஷினும் லேசா உறுமும், பயப்பட ஒண்ணுமில்ல." எனக்குச் சிரிப்பும் வந்தது, பற்றிக்கொண்டும் வந்தது. இந்த வாக்கியத்தை நான் பெற்றெடுக்கவில்லை என்றாலும் வளர்த்தவள் நான், நாள் முழுக்க ஹெட்போனை மாட்டிக்கொண்டு வாஷிங் மெஷின் வாங்கினவர்களுக்கு இதையேதான் சொல்கிறேன், அது சாதாரண சத்தம்தாங்க, துணி அதிகமா போட்டிருப்பீங்க. எதிர்முனையில் யாராவது, இல்லம்மா, இது வேற மாதிரி இருக்கு என்று இழுத்தால், அந்த இழுப்பில் ஒரு உண்மை இருக்கும், எங்கள் எல்லோருக்கும் தெரியும், வேற மாதிரின்னா எந்த மாதிரி என்று கேட்கத்தான் நேரம் இருக்காது. அதனால் அந்த ஆளிடம் நான் கோபப்படவில்லை. "தம்பி, நானும் உங்க மாதிரிதான், போன்ல பதில் சொல்ற வேலைதான் எனக்கு, உங்க சர்வீஸ் ஆளைக் கொஞ்சம் கூப்பிடச் சொல்லுங்க" என்றேன். கொட்டாவி நின்றது. சொல்றேன் மேடம் என்றார். இன்னும் யாரும் கூப்பிடவில்லை. ஜன்னல் கம்பியின் நிழல் சுருங்கிக்கொண்டே வருகிறது, எனக்கு மூன்று மணியை நினைத்தால்…

இது என்ன?

முதுகில்தான் முதலில் தெரிந்தது, காதில் இல்லை. சுவர் லேசாக நடுங்குகிற மாதிரி, பஸ்ஸில் ஜன்னலோரம் சாய்ந்தால் முதுகுத்தண்டில் ஏறுமே, அந்த மாதிரி. அப்புறம் அதற்குள்ளிருந்து ஒரு நூல் பிரிந்து வந்தது, மெல்லிசான, கூரான நூல், கண்ணாடியில் ஈர விரலை வைத்துத் தேய்க்கிற மாதிரி… நிஜமா? நானும் கேட்கிறேனா, இல்லை கேட்க வேண்டும் என்று ஆசைப்பட்டு என் காது தானே செய்துகொள்கிறதா? இவனுக்கு அக்கா நான், ஒரே வயிற்றில் பிறந்தவர்கள், இவனுக்கு வந்தது எனக்கு வராது என்று என்ன நிச்சயம்? எழுந்து போய்க் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தேன். அவன் தலையணைக்குள்ளிருந்தே சொன்னான், "ஆரம்பிச்சுடுச்சு." எனக்கும் கேக்குதுடா என்று சொல்ல வாய் வந்தது, அடக்கிக்கொண்டேன், அதைச் சொன்னால் இவனைச் சமாதானப்படுத்தச் சொல்வதாகிவிடும், இவனைச் சமாதானப்படுத்தியே கெடுத்தவர்கள் நாங்கள். வேறு ஒன்று செய்ய வேண்டும். அவர் போனில் இருக்கிற அந்த ஆப் என் போனிலும் இருக்கிறது, ஒரு நாளும் திறந்து பார்த்ததில்லை. திறந்தேன். பெட்டி இந்த நிமிஷம் எவ்வளவு செய்கிறது என்று ஒரு எண் ஓடிக்கொண்டே இருந்தது. "டேய், எனக்கு ஒண்ணு செய். நான் ஹாலுக்குப் போறேன். சத்தம் ஏறினா ஏறுதுன்னு சொல்லு, இறங்கினா இறங்குதுன்னு சொல்லு, சத்தமா சொல்லு." தலையணையை நகர்த்தி என்னைப் பார்த்தான். "என்னை டெஸ்ட் பண்றியாக்கா?" "பெட்டியை" என்றேன்.

ஹாலில் நின்றேன், அங்கிருந்து பார்த்தால் அவன் அறை வாசல் மட்டும் தெரியும், அவன் தெரிய மாட்டான், அவனுக்கு நானும் தெரிய மாட்டேன், போனும் தெரியாது. வெளியே வெயில் கொளுத்தியது. எண் நிலையாக நின்றது. ஒன்றும் சொல்லவில்லை அவன். ஹாலில் எனக்கு எந்தச் சத்தமும் இல்லை, சாலையில் ஒரு லாரி மட்டும். வானத்தைப் பார்த்தேன், ஒரு மேகம், ஒரே ஒரு மேகம், அழுக்குப் பஞ்சு மாதிரி, சூரியனை நோக்கி நகர்கிறதா, விலகுகிறதா… வா, வா, வந்து தொலை. வாழ்க்கையில் ஒரு மேகத்தை இப்படி நான் கெஞ்சினதில்லை. தரையில் கிடந்த வெயில் மங்கினது. எண் சரிந்தது, சட்டென்று பாதிக்கு. நான் மூச்சை நிறுத்திக்கொண்டேன், சொல்லு, சொல்லேன்டா… "இறங்குது" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. நாற்காலியைப் பிடித்துக்கொண்டேன். வெயில் திரும்பியது, எண் ஏறியது, "ஏறுதுக்கா." மறுபடி மேகத்தின் வால் ஒன்று குறுக்கே போனது, எண் லேசாகத் தளர்ந்தது, "கொஞ்சமா இறங்குது… இல்ல, ஏறிடுச்சு." எண்ணும் ஏறிவிட்டது. ஒரு தடவைகூடத் தப்பவில்லை. ஜன்னலுக்கு வெளியே வெயில் மங்குவதைப் பார்த்துச் சொல்கிறானோ என்று ஒரு சந்தேகம் வந்தது பாருங்கள், என் புத்தி, ஓடிப்போய் எட்டிப் பார்த்தேன், முகத்தில் தலையணையை அழுத்தி மூடிக்கொண்டு படுத்திருந்தான், மூடிக்கொண்டேதான் சொல்லியிருக்கிறான்.

நடைக்குப் போனேன். அலமாரிக் கதவைத் திறந்ததும் அடுப்பைத் திறந்த மாதிரி முகத்தில் அடித்தது சூடு, பிளைவுட்டும் பசையும் வெந்த வாடை. உள்ளே அது கத்திக்கொண்டிருந்தது, உறுமல் இல்லை, கத்தல், அடியில் இருக்கிற சின்ன ஃபேன் உயிரைக் கொடுத்துச் சுற்றி, அச்சு தேய்ந்து, கிர்ர் கிர்ர் என்று. பெட்டியைத் தொட்டுவிட்டு விரலை வாயில் வைத்துக்கொண்டேன். அந்த நேரம் பார்த்துப் போன், சர்வீஸ் ஆள். அவசரக்காரர், வண்டி ஓட்டிக்கொண்டே பேசினார் போல, காற்று இரைந்தது. எல்லாவற்றையும் சொன்னேன். "அலமாரிக்குள்ளயா? மூடி வச்சிருக்கீங்களா? அட என்ன மேடம், அதுக்கு மூச்சு விட இடம் வேணாமா? சூடு தாங்காம அதுவே உற்பத்தியைக் குறைச்சுக்கும், ஃபேன் முழு வேகத்துல ஓடும், ஓடி ஓடித் தேயும். சுவர் என்ன சுவர்? தடுப்புச் சுவரா, தட்டினா டொக்குனு கேக்குதா?" தட்டினேன். டொக் என்றது. "அதான், அது மத்தளம் மாதிரி. இந்தப் பக்கம் கொஞ்சமா இருக்கறது அந்தப் பக்கம் பெரிசாக் கேக்கும். அந்தப் பக்கம் யாராவது படுக்கறாங்களா?" ஆமாம் என்றேன். "பாவம்" என்றார். திங்கட்கிழமை வருகிறேன், வெளிச்சுவருக்கு மாற்றிவிடலாம், அதுவரைக்கும் கதவைக் கழற்றி வையுங்கள், தாங்க முடியவில்லை என்றால் அணைத்துவிடுங்கள், முதலில் வீட்டுப் பக்கம் போகிற ஸ்விட்ச், அப்புறம் அடியில் திருகுகிறது, மாற்றிச் செய்துவிடாதீர்கள் என்றார். மத்தளத்துக்கு ஸ்பாஞ்ச் ஒட்டி அலமாரி செய்தார் என் வீட்டுக்காரர்… சாயங்காலம் சாயங்காலமாக, வியர்க்க வியர்க்க. மலையின் உச்சி எங்கே போனது என்று பேனலில் தேடிக்கொண்டிருந்தார்.

அவருக்குப் போன் செய்தேன். வார்த்தைகள் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு வந்தன, மேகம், எண், ஃபேன், டொக், எல்லாம் சொன்னேன், சத்தம் நிஜங்க, அவன் சொன்னது அத்தனையும் நிஜம். "அலமாரியாலயா அதிகமாச்சு?" என்று கேட்டார், குரல் உள்ளே போய்விட்டிருந்தது. நீங்க தெரிஞ்சா செஞ்சீங்க, அவனுக்காகத்தானே என்றேன். "சரி… சரி. ஆனா டாக்டரைப் பார்த்துட்டு வந்துடலாம். சத்தம் நிஜமா இருக்கட்டும், ரெண்டு நாளா அவன் சாப்பிடல, அதுவும் நிஜம்தானே?" எனக்கு வந்ததே கோபம். இன்னும் என்னங்க வேணும் உங்களுக்கு, இன்னும் அவன் எதை நிரூபிக்கணும், மண்டைக்குள்ள ஆணி அடிச்ச மாதிரி சத்தத்தை வச்சுக்கிட்டு யாருங்க சாப்பிடுவா, நான் டாக்டருக்குப் போன் பண்ணி வரலைன்னு சொல்லப்போறேன். "அவசரப்படாதே, நான் கிளம்பிட்டேன், வந்து பேசிக்கலாம்" என்றார். வைத்துவிட்டேன். டாக்டரின் இடத்துக்கும் சொல்லிவிட்டேன், அங்கே இருந்த பெண் வேறு நாள் வேண்டுமா என்று கேட்டாள், வேண்டாம் என்றேன், அந்த வேண்டாம் எவ்வளவு இனிப்பாக இருந்தது, கல்கண்டு மாதிரி நாக்கில் வைத்து உருட்டினேன்.

முதலில் வீட்டுப் பக்கம் போகிற ஸ்விட்ச். அப்புறம் அடியில் திருகுகிறது. டக் என்று உள்ளே எதுவோ விழுந்தது, ஃபேன் இழுத்து இழுத்து நின்றது, சுவர் தன் நடுக்கத்தை விட்டது. வீடு முழுக்க ஒரு அமைதி. இத்தனை நாள் எங்களுக்கே தெரியாமல் தோளில் தூக்கிக்கொண்டு திரிந்த மூட்டையை இறக்கின மாதிரி இருந்தது. தம்பி எழுந்து உட்கார்ந்திருந்தான். தலையணை மடியில். முகத்தில் அதன் மடிப்புகள் கோடு கோடாகப் பதிந்திருந்தன. "நின்னுடுச்சா?" என்றான். நிறுத்திட்டேன்டா, நீ சொன்னதுதான் சரி, சர்வீஸ் ஆளும் சொல்லிட்டார், மாமாகிட்டயும் சொல்லிட்டேன், டாக்டர் கிடையாது, ஒண்ணும் கிடையாது. அவன் சிரித்தான், ரொம்ப நாளைக்கு அப்புறம், வகுப்பில் சிரிக்கவைத்தானே, அந்தச் சிரிப்பில் பாதி. தட்டில் போட்டுக் கொண்டுவந்து கொடுத்தேன், சாப்பிட்டான், நன்றாகவே சாப்பிட்டான், இன்னும் கொஞ்சம் போடேன்க்கா என்றுகூடக் கேட்டான். நான் எதிரில் உட்கார்ந்து அவன் ஒவ்வொரு வாயாக எடுப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தேன், அவர் வரட்டும், காலித் தட்டைக் காட்டுகிறேன், என்று மனசுக்குள் கறுவிக்கொண்டு, ஜெயித்த மிதப்பில். கடைசி வாயை எடுக்கப்போன கை பாதியில் நின்றது. தலையைக் கொஞ்சம் சாய்த்தான், தூரத்தில் யாரோ பேசுவதற்குக் காது கொடுக்கிற மாதிரி. அப்புறம் ரொம்ப நிம்மதியாக, எனக்கு நன்றி சொல்கிற குரலில் சொன்னான், "நல்லவேளை அணைச்சேக்கா. அது ஒரே இரைச்சலா மறைச்சுக்கிட்டு இருந்துச்சு. இப்பதான் நல்லா கேக்குது."

கேட்கிறது, எது? நானும் காது கொடுத்தேன். தெருவில் யாரோ சைக்கிள் மணி அடிக்கிறார்கள். குழாயில் சொட்டு விழுகிறது. எங்கேயோ ஒரு கைக்குழந்தை சிணுங்கிவிட்டு ஓய்கிறது. இதைச் சொல்கிறானா? இதுவாகத்தான் இருக்கும், இத்தனை நாள் அந்தக் கத்தலில் அடங்கிக் கிடந்தவனுக்கு இதெல்லாம் இப்போது கேட்பது எவ்வளவு நல்ல விஷயம், யாருக்கும் அப்படித்தானே இருக்கும்… காலையிலிருந்து இவனோடு இந்தச் சுவரோரம் இருக்கிறேன், ஏறுதா இறங்குதா என்று கேட்டேன், வேற ஏதாவது கேக்குதாடா என்று ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, நான் கேட்கவே இல்லை. மறந்துபோய்க் கேட்காமல் இருந்தேன் என்றுதான் இந்த நிமிஷம்வரை நினைத்துக்கொண்டிருந்தேன். வாசலில் கார் வந்து நிற்கிறது, அவர்தான், கதவைச் சாத்துகிறார், செருப்பைக் கழற்றுகிறார். கேட்க வேண்டும் என்றால் இப்போதே கேட்க வேண்டும், அவர் உள்ளே வருவதற்குள். தம்பி என்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறான், முகம் தெளிவாக இருக்கிறது. என்ன கேக்குதுடா என்று ஒரு வார்த்தை கேட்டால் போதும், மறைக்க மாட்டான், அப்படியே சொல்லிவிடுவான். அதனால்தான் எனக்கு வாய் வரவில்லை.